ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் குரல்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் முப்பத்துநான்கு பேருக்கும் ஒரே குரல்தான் இருந்தது. ஒருத்தி பேசினால் மற்ற முப்பத்துமூன்று பேரின் வாயும், எங்கே இருந்தாலும் சரி, அதையே பேசும். அது தன்னால் வந்த வினை என்று தமிழாசிரியை ஜோஸ்பின் அவரே சொல்வார். முந்தைய ஆண்டு ஒரு அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், பதிலை எல்லோரும் பிசிறில்லாமல் ஒன்றாகச் சொல்ல மூன்று வாரம் பழக்கினார். அதிகாரி பாராட்டி, டீ குடித்துவிட்டுப் போனார், பழக்கம் போகவில்லை. டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். முதலில் ஒருத்தி சோறு கேட்டால், பெற்றவர்கள் நாங்கள் முப்பத்துநான்கு வீட்டிலும் தட்டு வைத்தோம். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டோம். பிள்ளை எதைச் சொன்னாலும் "வேற யாரோ பேசறாங்க, வுடு" என்று சூளை வேலையைப் பார்க்கப் போனோம். எங்களுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜோஸ்பினுக்குத்தான் மனசு ஆறவில்லை. பள்ளி திறந்ததும் தினமும் கடைசிப் பீரியடில் ஒரு நாவலை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். பவளம் என்ற சிறுமியைத் தூரத்து ஊருக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப் போகிறார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் அவள் தன் செருப்பை வைக்கோல் போரில் ஒளித்து வைக்கிறாள். ஏன் ஒளித்தாள் என்று கேட்டார். "இதிலிருந்து பவளம் சிக்கனமானவள் என்பதை அறிகிறோம்" என்றது குரல், நோட்ஸில் இருப்பதுபோல. அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "வேற என்னம்மா தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மணி அடிக்கும்வரை அப்படியே நின்ற நாட்கள் உண்டு. மறுநாள் அதே பக்கத்தை வாசித்து அதே கேள்வியைக் கேட்பார். ஆடி மாதத்தில் ஒருநாள் குரல் தயங்கித் தயங்கி, "செருப்பு இல்லன்னா கூட்டிட்டுப் போவ மாட்டாங்கன்னு நெனச்சிருப்பா டீச்சர்" என்றது. ஜோஸ்பினுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. குரல் அதோடு நிற்கவில்லை. "எனக்கும் பேசி முடிச்சிட்டாங்க டீச்சர். மாமாவுக்கு. ஆவணி இருபது."

யாரென்று கேட்டார். "நான்தாங்க டீச்சர்" என்றார்கள் முப்பத்துநான்கு பேரும். கையைத் தூக்கச் சொன்னார். முப்பத்துநான்கு கை உயர்ந்தது. எழுதிக் காட்டச் சொன்னார். முப்பத்துநான்கு தாளிலும் ஒரே கையெழுத்து. வீடு வீடாகப் போனார். முப்பத்துமூன்று வீட்டில் "அப்பிடில்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார்கள். முப்பத்துநான்காவது வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினார். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு பேரு மட்டும் சொல்லுங்க மேடம்" என்றார். ஜோஸ்பின் பதிவேட்டைத் திறந்து முப்பத்துநான்கு பெயரையும் வாசித்தார்.

ஆவணி இருபது ஆசிரியர் தினமாகவும் அமைந்தது. மேசைமேல் பிள்ளைகள் டீச்சருக்குக் கொண்டுவந்த முப்பத்துமூன்று பீங்கான் பொம்மைகள் இருந்தன. மூன்றாம் பெஞ்சில் தமிழினியின் இடம் காலியாக இருந்தது. அவள் அப்பா தங்கராசு பட்டறையில் சூளை அடுக்குகிறவர், சாதுவான மனிதர், டீச்சர் விசாரிக்க வந்தபோது மோர் கொடுத்து அனுப்பியவர். இப்போது வீடு பூட்டியிருந்தது. "விடியக்காலமே வேன் வெச்சுப் போயிட்டாங்க. எந்தக் கோயிலுன்னு சொல்லலீங்க" என்றாள் பக்கத்து வீட்டு அமிர்தம். உதவி எண்ணிலிருந்து வந்தவர்கள் ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் தேடினார்கள், பெண்ணாடத்தில் தேடினார்கள். பெயர் கிடைத்திருந்தது, பெண்தான் கிடைக்கவில்லை. தங்கராசு குடும்பம் திரும்பி வரவும் இல்லை.

அடுத்த வாரம் கணக்குப் பீரியடில் முப்பத்துமூன்று பேரும் "தோ வரேங்க" என்றார்கள். இன்னொரு நாள், "தெரியாம பண்ணிட்டேங்க, அடிக்காதீங்க" என்றார்கள். கணக்கு வாத்தியார் விருத்தகிரி சாக்பீஸைக் கையில் பிடித்தபடி அது முடியும்வரை நிற்பார், பிறகு விட்ட இடத்திலிருந்து போடுவார். ஜோஸ்பின் மட்டும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, "தமிழினி, எந்த ஊர்ல இருக்க?" என்று ஒன்றாகக் கேட்கச் சொன்னார். இங்கே கேட்டால் அவள் வாயும் அதைக் கேட்கும் அல்லவா. கொஞ்ச நேரம் கழித்து முப்பத்துமூன்று வாயும் திறந்தன. "தெரியல டீச்சர். வெளிய வுடறதில்ல."

நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும் மீதி இருந்தது. அவர் வாசிக்கவில்லை. பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார், எல்லோரும் ஒன்றாக, பிசிறில்லாமல். எந்த அடுப்படியில் நின்று தமிழினி அதை வாசித்தாளோ, பவளம் வைக்கோலைக் கலைத்துச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு நடக்கும் கடைசி வரிவரை ஒரு சொல்லும் தடுமாறவில்லை. ஜோஸ்பின் வழக்கம்போல, "என்னம்மா தோணுது?" என்றார். பிள்ளைகளும் அதையே ஒன்றாகக் கேட்டார்கள். பிறகு காத்திருந்தார்கள். மணி அடிக்கப் போகிற நேரத்தில் குரல் வந்தது. "என் செருப்ப அவங்க எடுத்து வெச்சிருக்காங்க டீச்சர்."

ஜோஸ்பின் பதிவேட்டை எடுத்துத் தமிழினி பெயருக்கு நேரே வந்திருப்பதாகக் குறித்தார். இன்றுவரை அப்படித்தான் குறித்து வருகிறார். தலைமையாசிரியை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.