ஆறு மணிக்கு ஒரு அடி

புது வண்டி வந்த அன்றைக்குத்தான் கூத்து. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை லாயமாக இருந்து, பிறகு உப்புக் கிடங்காகி, கடைசியில் தீயணைப்பு நிலையமான அந்தக் கட்டிடத்தின் வளைவு வாசலுக்குள் வண்டி நுழையவே இல்லை. ஒரு முழம் உயரம் அதிகம். ஆட்சி மாறியதும் பெயர்ப்பலகையைத் தமிழில் மாற்றிய புண்ணியவான்கள் வாசலை ஒரு தடவை அளந்து பார்த்திருக்கக் கூடாதா? வண்டியும் ஆட்களும் அரை மைல் தள்ளி, திருவாரூர் ரோட்டில் ஒரு கொட்டகைக்குப் போனார்கள்.

டெலிபோன் மட்டும் போகவில்லை. அதை மாற்ற மேலிடத்து உத்தரவு வர வேண்டுமாம். அதற்குக் காவலாகச் சிங்காரவேலுவைப் பழைய கட்டிடத்திலேயே விட்டுவிட்டார்கள். தீ என்று போன் வந்தால் கோபுர மணியை விடாமல் அடிக்க வேண்டும். சத்தம் கேட்டு வண்டி வாசலுக்கு வரும். இடத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

சிங்காரவேலு நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரர். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். பத்துப் பேர் கும்மாளமடித்த இடத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பது லேசா? மணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரே ஒரு அடி அடிக்கச் சொல்லியிருந்தார்கள். கேட்டதற்கு அடையாளமாக டிரைவர் ஜெக்கரியா அங்கிருந்து ஹாரன் அடிப்பார். நாள் முழுவதும் சிங்காரவேலுவிடம் பேசியது அந்த ஹாரன் ஒன்றுதான். ஒரு அடி மூன்றானது, மூன்று பத்தானது. ஜெக்கரியாவும் சளைக்காமல் பதில் கொடுத்தார். பாவம், மனுஷன் வேறு என்னதான் செய்வார்!

அந்தத் தை மாதம் அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்தது. ஒரு மாலை, ஆறாக ஐந்து நிமிடம் இருக்கையில் போன் அலறியது.

"ஐயா, ஓடைக்கரைத் தெருவுல குடிசைக்குத் தீ வச்சுட்டாங்கய்யா! சொசைட்டி ஆபீஸ்லேருந்து எல்லையம்மா பேசுறேன்."

"பதறாதம்மா. இதோ வண்டி கிளம்பிடுச்சு. நீ மெயின் ரோட்டு முனையில நின்னு வழி காட்டு. அங்கேருந்து நகராதே." போன் செய்கிற எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான்.

தாவிப் போய்க் கயிற்றைப் பிடித்தார். அடித்தார், உள்ளங்கைத் தோல் உரிய அடித்தார். அங்கிருந்து ஹாரன் வந்தது. விட்டு விட்டு, குஷியாக வந்தது.

"அடப்பாவிகளா, நெருப்புடா!"

யாருக்குக் கேட்கும்? கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். மூச்சிரைக்கப் போய் நின்றபோது ஜெக்கரியா ஹாரன்மேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழு குடிசை போயிற்று. ஒரு உயிரும் போயிற்று.

நாலாம் நாள் மாலை எல்லையம்மாள் பழைய கட்டிடத்து வாசலில் வந்து நின்றாள்.

"போன்ல பேசினது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"எம் புருசன் கூலி கேட்டு அடிபட்டு, கால்ல கட்டோட உள்ள கிடந்தாரு. தீ அப்ப கிழக்கு முனையிலதான் இருந்துச்சு, எங்க குடிசைக்கு வரல. ஓடியிருந்தா இழுத்துப் போட்டிருப்பேன். வண்டி கிளம்பிடுச்சு, நகராதேன்னீங்க. நம்பி ரோட்டுலயே நின்னுட்டேங்க."

சிங்காரவேலு எதையும் ஒளிக்கவில்லை. "தனியா இருக்க முடியலம்மா. விளையாட்டா மணி அடிச்சு அடிச்சு அவங்களைப் பழக்கிட்டேன். நெசமா அடிச்சப்போ யாரும் நம்பல."

அவள் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"தனியா இருக்கறது அவ்வளவு கஷ்டமாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

மணி ஆறானது. சிங்காரவேலு எழுந்துபோய் ஒரே ஒரு அடி அடித்தார். அங்கிருந்து ஒரே ஒரு ஹாரன் வந்தது. மறுநாள் ஆறு மணி வரைக்கும் அவ்வளவுதான்.