எல்லை தாண்டிய அடுப்பு

ஜூன் மாதத்துக் காலை ஒன்றில் ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் கணவர் லாக்லன் கொல்லைப்புறத்தில் முக்காலியை விரித்து, அதன்மேல் நிலம் அளக்கும் தியோடலைட் கருவியைத் திருகிக்கொண்டிருந்தார். சரி, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வடக்கே போகும் அரிப்பு அவருக்கு இப்படித்தான் தொடங்கும். முதலில் பூட்ஸுக்கு எண்ணெய் போடுவார். பிறகு மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று தரையில் படுப்பார். அளக்க எதுவும் கிடைக்காவிட்டால் என் முட்டைக்கோஸ் பாத்தியைக்கூட விடமாட்டார்.

அவர் அரசாங்க நில அளவையாளர். கப்பல், நாய்கள், ஆட்கள் எல்லாவற்றுக்கும் தலைமை தாங்கி, மனித நடமாட்டமே இல்லாத தீவுகளின் கரையை வரைபடத்தில் ஏற்றிவிட்டு வருவார். போனால் ஒரு குளிர்காலம், சில சமயம் இரண்டு. எங்கள் மகள்கள் நடந்ததும் பேசியதும் பல் விழுந்ததும் கப்பல் இல்லாத மாதங்களில் நடந்திருந்தால் மட்டுமே அவருக்குத் தெரியும். போன இலையுதிர்காலத்தில் திரும்பி வந்தவர், "இதுதான் கடைசி" என்றார். நானும் நம்பினேன். ஆனால் போன வாரம் இலாகாவில் கூப்பிட்டு, ஜூலையில் ஒரு கப்பல் கிளம்புகிறது, உங்களைத் தவிர ஆள் இல்லை என்று அவர் தலையில் ஐஸ் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"நீ என்ன சொல்றே, எஃபி?" என்று கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன். போகாதீர்கள் என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. அது ஒரு வீம்பு. ஆனால் இந்த முறை எனக்கு அவர் வேண்டும். இளையவளும் கல்யாணமாகி டொராண்டோ போய்விட்டாள். சாப்பாட்டு மேஜைக்கு எதிரே வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இன்னொரு குளிர்காலத்தைத் தள்ள என்னால் முடியாது.

கொஞ்ச நேரத்தில் லாக்லன் உள்ளே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எஃபி, இந்த அடுப்பு நம்மளோடது இல்ல."

"பின்னே யாரோடதாம்?"

"அடுப்பு நம்மளோடதுதான். அது நிக்கிற தரை திபோவோடது. மூணடி உள்ளே போயிருக்கோம்."

இந்தச் சமையலறை அவர் பனிக்கட்டிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்த வருடம் கட்டியது. நானும் பக்கத்து வீட்டு நாவிதர் ஓவிலா திபோவும் சேர்ந்து கட்டினோம். வேலி பனிக்குள் புதைந்திருந்தது. அதற்கு நாங்கள் என்ன செய்வோம்?

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றேன். "நல்லா நிக்கிற சமையலறை."

"ஊரே சிரிக்கும், எஃபி. ஆர்க்டிக்கையே அளந்தவன் அடுத்தவன் நிலத்துல உக்காந்து சூப் குடிக்கிறானாம்னு." சொல்லிவிட்டு அவரே போய் திபோவை அழைத்து வந்தார். திபோ உட்கார்ந்து, நான் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டார்.

"மூணடியா? அது பனி உருகின அன்னிக்கே தெரியுமே!" என்றார் திபோ. "வேலியை நானே தள்ளி நட்டுட்டேன். மதாமோட ரொட்டி வாசனை எங்க வீட்டுக்கு மூணடி கிட்ட வந்துச்சு. எனக்கென்ன நஷ்டம்? விட்டுத் தள்ளுங்க, கேப்டன்."

"கட்டும்போது எதை வச்சு அளந்தீங்க?" என்றார் லாக்லன்.

"துணி காயப்போடற கயிறு. அன்னிக்கு அது கொஞ்சம் ஈரமா வேற இருந்துச்சு."

லாக்லன் கண்ணை மூடிக்கொண்டார். "முறைப்படி பார்த்தா பிரிச்சு உள்ள தள்ளித்தான் கட்டணும். கூரை, சுவர், புகைபோக்கி எல்லாம். ஜூலை முழுக்க ஆகும். ஆகஸ்டும்..." அதோடு நிறுத்திவிட்டார்.

மாவு பிசைந்த என் கை அப்படியே நின்றது. கப்பல் கிளம்புவதும் ஜூலையில்தான். திபோ என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில் அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவர் அவர். காபிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"யோசிச்சுப் பார்த்தா, என் நிலம் எனக்கு வேணும்."

"இப்பத்தானே விட்டுத் தள்ளுங்கன்னீங்க?"

"அது அப்போ. அங்க நான் வெங்காயம் போடப்போறேன்."

"ஜூலையில யாராவது வெங்காயம் போடுவாங்களா?"

"என் நிலம், என் வெங்காயம். அப்புறம், கண்ட ஆளுங்களை விட்டுக் கட்டக்கூடாது. அரசாங்க சர்வேயரே நேர்ல நின்னு கட்டினாத்தான் எனக்கு நம்பிக்கை."

"பிரிச்சுடுங்க" என்றேன் நான். "ஒரு பலகை விடாம பிரிச்சுடுங்க."

லாக்லன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த ஐஸ் தாங்கும், எது தாங்காது என்று பார்த்தே சொல்லிவிடும் மனிதருக்கு இது புரியாதா? வெள்ளிக்கிழமை நல்ல தொப்பியை மாட்டிக்கொண்டு இலாகாவுக்குப் போனார். திரும்பி வந்து தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு, சுத்தியலைத் தேடினார்.

ஜூலை பூராவும் அடுப்பு கொல்லையில் நின்றது. வானத்துக்குக் கீழே பட்டாணி சூப் வைத்தேன், புளிப்பு ருபார்ப் தண்டை மாவுக்குள் அடைத்துச் சுட்டேன். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு கிளறினேன். சாயங்காலத்தில் திபோ உதவிக்கு வந்து, ஒரு ஆணியைப் பிடுங்கி இரண்டை அடித்துவிட்டுப் போவார். கப்பல் கிளம்பிய நாளன்று லாக்லன் கூரைமேல் குந்தி ஓடு ஓடாகப் பிரித்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் வடக்கே பார்க்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சூப்பைத்தான் பார்த்தார்.

"எஃபி, அடுத்த ஜூன்லயும் கூப்பிடுவாங்க" என்றார் மேலிருந்து.

"கூப்பிடட்டுமே" என்றேன்.

அன்று காலை அவர் ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, கொடிக்கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையைத் திபோவிடம் கொடுத்து விறகுக் கொட்டகையை அளந்து பார்த்திருந்தேன். அதுவும் ஒன்றரை அடி திபோவின் நிலத்தில்தான் நின்றது. கயிற்றைத் திரும்ப இழுத்துக் கட்டி, அவருடைய ஈரச் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி அதில் காயப்போட்டேன்.