மேரி வாசல்

மண்ணாங்கட்டிக்குக் கல்யாணமாகி முழுசாக மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சக்களத்தி வந்துவிட்டாள். சக்களத்தியின் பெயர் மேரி.

பெயர் தெரிந்ததே தற்செயலாகத்தான். சனிக்கிழமை சாயங்காலம் கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் தெய்வசிகாமணி தெருவில் நின்று மில் கூட்டாளி கலியபெருமாளிடம் ரகசியம் பேசினான். ரகசியம் பேசுகிறவன் மெதுவாகப் பேசவேண்டும். எட்டு வருஷம் தறிச் சத்தத்தில் நின்றவனுக்கு அந்தக் கலை வராது. அவனுடைய ரகசியம் முத்தியால்பேட்டையில் பாதித் தெருவுக்குக் கேட்கும்.

"நாளைக்கி சாயங்காலம் மேரி வாசல்லதான் நிப்பேன். மூணு வாரமா இழுத்தடிக்கிது. நாளைக்கி எப்டியாவது மேரி விஷயத்த முடிச்சிடணும்டா."

"வூட்ல சொன்னியா?"

"அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா மனசு ஒடஞ்சி பூடுவா. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

மண்ணாங்கட்டியின் கையிலிருந்த சொம்பு நழுவி விழுந்தது. விழுந்ததை எடுக்கவில்லை.

வளவனூருக்குப் பக்கத்திலுள்ள அவளுடைய ஊரில் மேரி என்று ஒருத்திதான் உண்டு, அம்மை குத்த வரும் நர்ஸம்மா. செருப்புப் போட்டவள், வெள்ளைப் புடவை கட்டியவள், சைக்கிள்கூட ஓட்டுவாள். அப்படி ஒருத்தி புதுச்சேரியிலும் இருந்து, அவள் வாசலில் போய்த் தன் புருஷன் ஞாயிற்றுக்கிழமைதோறும் நிற்கிறான் என்றால்? இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமையானால் இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டை. தலையில் எண்ணெய் வழியும். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு மல்லாட்டைக் கடலைப் பொட்டலம் வேறு. லஞ்சம்!

புதுச்சேரிக் கடற்கரையைப் பற்றி அவள் கேள்விப்பட்டதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போலீஸ்காரர்கள் பேண்டு வாசிப்பார்களாம், ஊரே திரண்டு வந்து காற்று வாங்குமாம். கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அவனிடம் இரண்டு தரம் கேட்டாயிற்று. "உப்புக் காத்து, ஒனக்கு ஒத்துக்காது" என்று தட்டிக் கழித்துவிட்டான். யாருக்கு எது ஒத்துக்காது என்பது இப்போதல்லவா புரிகிறது.

மூட்டையைக் கட்டிக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் போகுமுன் அந்த மேரியை ஒருதரம் நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும். தன்னிடம் இல்லாதது அவளிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அழுதால் அழுகைக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

மறுநாள் அவன் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவன் திரும்பினால் முக்காட்டை இழுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவன் திரும்பவே இல்லை. கடற்கரை வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கடல்தான் கெடுத்தது.

அவள் அதுவரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. வளவனூர் ஏரி நிரம்பினால் அதையே பெரிய தண்ணீர் என்று நினைத்திருந்தவள். இது என்னடாவென்றால் முடிகிற இடமே தெரியவில்லை. வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது, சுதாரித்துக்கொண்டு பார்த்தபோது புருஷனைக் காணோம். சுற்றிலும் ஒரே ஜனம். கவுன் போட்ட அம்மாக்கள், தொப்பி வைத்த ஐயாக்கள், அழுகிற பிள்ளைகள். நடுவே சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்கள் பித்தளைக் குழாய்களை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் மேரியாக இருக்கக்கூடியவர்கள் குறைந்தது நாற்பது பேர் இருந்தார்கள்.

கையகலக் கூடையோடு மல்லாட்டை விற்ற அம்மாளிடம் போய்க் குந்தினாள். அந்த அம்மாள் பெயர் தனக்கொடி.

"ஏம்மா, ஒங்களுக்கு மேரியத் தெரியுமா?"

"நல்லாக் கேட்ட போ! மேரியத் தெரியாதவங்க புதுச்சேரியில யாரு? எதிர்லதான் இருவது வருஷமா கட போட்டிருக்கேன்."

மண்ணாங்கட்டி இன்னும் கிட்ட நகர்ந்தாள். "பாக்க எப்டி இருக்கும்?"

"வெள்ளையா, ஒசரமா, லட்சணமா இருக்கும். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறாங்கல்ல?"

பவுடரைத்தான் சுண்ணாம்பு என்கிறாள் என்று மண்ணாங்கட்டி எடுத்துக்கொண்டாள். "வயசு?"

"ஆவுது, எம்பதுக்கு மேல."

மண்ணாங்கட்டிக்குத் தலை சுற்றியது. புருஷனுக்கு இருபத்தாறு வயசு. "ஆம்பளைங்க நெறையா வருவாங்களா?"

"ஆம்பள, பொம்பள எல்லாந்தான். எங்க வூட்டுக்காரரு மொரண்டு புடிச்சாரு, நான்தான் கையப் புடிச்சி இழுத்தாந்தேன்."

"நீங்களேவா!"

"பின்ன? மேரிக்கு வராம புருஷன் பொண்டாட்டின்னு சொன்னா செல்லுமா? கல்யாணம்னாலும் மேரி, புள்ள பொறந்தாலும் மேரி, மண்டையப் போட்டாலும் மேரி. எல்லாத்தையும் எழுதி வச்சிக்கிறாங்கல்ல?"

"எம்பது வயசுக் கெழவி எழுதுவாளா?"

"எந்தக் கெழவி?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கொடி மெல்லத் திரும்பி, முதுகுக்குப் பின்னால் தூணும் படியுமாக நின்ற பெரிய வெள்ளைக் கட்டடத்தைக் காட்டினாள்.

"அடிப் பாவி மவளே! மேரின்னா பொம்பளன்னா நெனச்ச? முனிசிபால்டி ஆபீசுடி! வெள்ளக்காரன் வச்ச பேரு. அவன் போயி ரெண்டு வருஷமாச்சி, பேரு மட்டும் போவல." சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்து, கூடையிலிருந்த மல்லாட்டையில் பாதி மணலில் கொட்டியது.

மண்ணாங்கட்டி கட்டடத்தைப் பார்த்தாள். சக்களத்தி நல்ல அழகுதான். போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் சந்தேகம் வந்தது. கட்டடம் என்றால், அவள் மனசு உடைந்து போகிற மாதிரி அங்கே என்ன விஷயம்?

அப்போதுதான் அவனைக் கண்டாள். பேண்டுக்காரர்களுக்குப் பக்கத்தில், வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு பெரிய மனுஷனின் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். "அவரு மேரி கிளார்க்கு" என்றாள் தனக்கொடி. மண்ணாங்கட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மத்தளமும் குழலும் முழங்கிய முழக்கத்தில் தெய்வசிகாமணி கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான். பேண்டு சட்டென்று நின்றது. அவன் நிற்கவில்லை.

"எம் பொண்டாட்டி மண்ணாங்கட்டிதாங்க!"

கடற்கரை முழுக்கக் கேட்டது. ஜனம் திரும்பியது. ஒருவன் "எல்லார் வூட்லயும் அப்டித்தான், இதுக்குப் போயி கத்துறியே" என்றான். ஒரு சிரிப்பு எழுந்து அலை மாதிரிப் போனது. மண்ணாங்கட்டிக்கு மணலில் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. முக்காட்டை முகம்வரை இழுத்துக்கொண்டாள்.

கிளார்க் கோபத்தில் சிவந்தார். "பாத்தீங்களா? மூணு வாரமா என்னை நக்கல் பண்றான். கல்யாணத்தப் பதியணும்னு ஆபீசுக்கு வந்தான். பொண்டாட்டி பேரு என்னான்னு கேட்டேன். மண்ணாங்கட்டின்றான்! எழுந்து போடான்னு தொரத்தினேன். இப்ப ஞாயித்துக்கெழமயானா இங்க வந்து உசுர வாங்குறான்."

"நக்கல் இல்லீங்க முசியே. பேரே அதாங்க." மேரி ஆட்களை ஐயா என்று கூப்பிட்டால் பிடிக்காது, வெள்ளைக்காரன் பாஷையில் முசியே என்றுதான் கூப்பிடவேண்டும்.

"இருக்கட்டும். சர்க்கார் புஸ்தகத்துல அத எழுதினா என் மரியாத என்னாவும்? வசந்தான்னு போடு, சுலோசனான்னு போடு. இப்பவே எழுதித் தரேன்."

தெய்வசிகாமணி தலையைச் சொறிந்தான். "நான் வசந்தாவக் கட்டலிங்களே முசியே. ஊரான் பொண்டாட்டி பேர எழுதிட்டு நான் எவகூடக் குடுத்தனம் பண்றது? நீங்க பேரச் சொல்லி சிரிச்சீங்கன்னு தெரிஞ்சா அது அழுவுங்க. அதனாலதான் வூட்ல சொல்லாம தனியா வந்து நிக்கிறேன்."

மண்ணாங்கட்டிக்கு அழுகை வந்தது. ஆனால் அவன் நினைத்த அழுகை இல்லை அது. முக்காட்டை எடுத்துவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"நான்தாங்க மண்ணாங்கட்டி."

தெய்வசிகாமணி பேயைக் கண்டவன்போல விழித்தான்.

"எனக்கு மின்ன எங்கம்மாவுக்கு மூணு பொறந்துது" என்றாள். "ராஜாம்பாள், கமலா, செல்வாம்பாள்னு ஆசையா பேரு வச்சாங்க. ஒண்ணும் தங்கல. எமனுக்கே வேணாம்னு தோணணும்னு எனக்கு இத வச்சாங்க. நான் நிக்கிறேன், இதோ. இந்தப் பேர எழுத வெக்கமா இருந்தா எழுதாதீங்க. வேற பேர எழுதாதீங்க. ஆமா, உங்க பேரு என்னாங்க?"

"முசியே பிஷே" என்றார் கிளார்க், தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

"பிஷேவாம், பிஷே!" என்று கூடையோடு வந்து சேர்ந்தாள் தனக்கொடி. "பிச்சமுத்துன்னு சொல்லேன்! நாலு புள்ள போயி அஞ்சாவதாப் பொறந்தவன். எமன ஏமாத்த ஒங்கம்மா ஒன்ன மொறத்துல போட்டு நீட்ட, எங்க மாமியாதான் ஒரு படி தவுடு குடுத்து வாங்குனாங்க. அந்தக் கணக்குல நீ எங்களுக்குத்தான் சொந்தம், தெரியுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முசியே பிஷே என்கிற பிச்சமுத்து கடலைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், கடைசியில் மண்ணாங்கட்டியைப் பார்த்தார். "எங்கம்மாவும் இதத்தாம்மா சொல்லுவாங்க" என்றார் மெதுவாக. "நாளைக்கிப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. சாட்சிக்கு ஆள் கூட்டிட்டு வாங்க."

பேண்டு மறுபடி ஆரம்பித்தது. தெய்வசிகாமணி ஒரு மல்லாட்டைப் பொட்டலம் வாங்கி அவளிடம் நீட்டினான். நீ இங்கே எப்படி வந்தாய் என்று கேட்டான். காற்று வாங்க வந்தேன் என்றாள். தனக்கொடியைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். தனக்கொடி வாயை மூடிக்கொண்டாள், இடுப்பு மட்டும் குலுங்கியது.

மறுநாள் பத்து மணிக்கு மேரிக்குள்ளே பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். கலியபெருமாளும் தனக்கொடியும் சாட்சி. உள்ளே பிச்சமுத்து புதுப் புத்தகத்தில் பிரெஞ்சு எழுத்தில் நிறுத்தி நிதானமாக எழுதி, மை ஒற்றி, எழுந்து நின்று, எழுத்து எப்படியோ அப்படியே மூக்கால் வாசித்து அழைத்தார்:

"மதாம் மனாங்கத்தி!"

யாரும் எழவில்லை. ஆனால் தெய்வசிகாமணியின் முகம் மட்டும் பூவாய் மலர்ந்தது. மண்ணாங்கட்டி அதைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவன் பக்கம் மெல்லச் சாய்ந்து கேட்டாள்:

"யாருங்க அவ?"