ஜிப்பைத் திறக்காமல் தைத்த பை

பைக்கு ஜிப் வைப்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பீற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். பை தைக்கும் கம்பெனியில் பதினோரு வருஷம், பிறகு வீட்டு முன்னறையில் சொந்த மெஷினில் ஒன்பது வருஷம். பாடத் தெரியாது, ஒழுங்காகச் சமைக்கத் தெரியாது, மனிதர்களிடம் இதமாக நாலு வார்த்தை பேசத் தெரியாது. ஜிப் மட்டும் என் கையில் கோணாமல் உட்காரும்.

என் மனைவியும் அதே கம்பெனிதான். அவள் வெட்டும் துணி என் மேஜைக்கு வரும். அப்படிப் பழகித்தான் கல்யாணம். ஐந்து வருஷமாக அவள் விமானம் ஏறிப் போகிற தூரத்தில், ஒரு பெரிய ஓட்டலில் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தைக்கிறாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் லீவு. முதல் மூன்று நாள் ஒருவருக்கொருவர் விருந்தாளி மாதிரி நடந்துகொள்வோம். கடைசி மூன்று நாள் பெட்டி அடுக்குவதில் போய்விடும். நடுவில் கிடைக்கும் ஆறு நாளை நம்பித்தான் மிச்ச வருஷத்தை ஓட்டுகிறேன்.

அன்று மதியம் இரண்டரைக்கு விமான நிலையத்துக்குப் பஸ். காலையில், பாஸ்போர்ட் வைக்க ஒரு சின்னப் பை வேண்டும் என்றாள். ஒவ்வொரு தடவையும் கிளம்புகிற அன்று இப்படி ஏதாவது கேட்பாள். மருந்துக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று என்று நானும் தைத்துக் கொடுப்பேன். போகாதே என்று சொல்லத்தான் ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். நாக்கு எழும்பாது. போகிறவளைத் தடுக்க நான் யார் என்ற வீறாப்பு வேறு.

நீலத் துணியில் இரண்டு துண்டு வெட்டினேன். ஜிப்பைக் குப்புற வைத்து ஒரு பக்கம் அடித்தேன், மறுபக்கம் அடித்தேன். துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, மூன்று ஓரமும் தைத்து, மூலைகளை நறுக்கி, பையைப் புரட்டப் போனால் விரல் நுழையவில்லை. ஜிப் முழுக்க மூடியிருந்தது. அதை இழுக்கும் பிடி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

ஓரம் தைக்கும் முன்பே ஜிப்பைப் பாதி திறந்துவிட வேண்டும். அந்த வழியாகத்தான் பையை வெளியே புரட்ட முடியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் செய்கிற தப்பு இது. இதைச் செய்தவர்களைக் கம்பெனியில் நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அவள் வந்து பையை வாங்கி, மூடிக் கிடந்த ஜிப்பைத் தடவிப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

"போகாத," என்றேன். அது எப்படி வெளியே வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரெண்டாவது வருஷம் நீங்க இதச் சொல்லுவீங்கன்னு பெட்டிய மூடாமலே வெச்சிருந்தேன். நீங்கதான் மேல ஏறி உக்காந்து மூடிக் குடுத்தீங்க."

நன்றாக நினைவிருந்தது. அன்று ஏதோ பெரிய ஒத்தாசை செய்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

இந்தத் தடவை மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்றாம். அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்களாம். அந்த வேலை பிடித்திருக்கிறதாம். கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கஷ்டப்படுகிறேன் என்று சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

பிளேடை எடுத்து அடி ஓரத்தைப் பிரித்தேன். உள்ளே விரலை விட்டு ஜிப்பைத் திறந்து, திரும்பத் தைத்து, புரட்டிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றாள். நன்றாகத்தான் இருந்தது, எரிச்சலாக வந்தது.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் கீழே நின்று, தண்ணீர் எடுத்தாயா, மாத்திரை எடுத்தாயா என்று உருப்படாத கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள்.

"அத இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி நகர்ந்த பிறகும் சொல்லிக்கொண்டே கூட நடந்தேன்.