வால் லேசான வண்டி

அச்சாஃபலாயா ஆறு பெருகினால் முதலில் விழுங்குவது பயூ கனார் ஊருக்குள் போகிற ஒரே ரோட்டைத்தான். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய். தண்ணீர் ஏறிவிட்டால் எது ரோடு, எது கால்வாய் என்று முதலைகளுக்கு மட்டுமே தெரியும். போன வருஷம் தபால்காரரின் கார் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து, சத்தமில்லாமல் கால்வாய்க்குள் இறங்கியது. அவர் ஜன்னல் வழியாக நீந்தித் தப்பினார். காரை வெளியே இழுத்தபோது ஓட்டுநர் இருக்கையில் ஒரு முதலை உட்கார்ந்திருந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. அது சீட் பெல்ட் போட்டிருந்ததாகச் சத்தியம் செய்பவர்களும் உண்டு.

அல்சீட் மெலான்சோன் அன்று கரையில் நின்று அதைப் பார்த்தவர். அந்தக் கார் நகர்ந்த விதம் அவர் வயிற்றுக்குள் போய்த் தங்கிவிட்டது. குடித்தனமே நடத்தியது என்று சொல்லலாம்.

இந்த வருஷம் மகள் நோயெலி நிறைமாதமாக வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை கடலுக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. ஆஸ்பத்திரி ரோட்டின் அந்தப் பக்கம். முன்கூட்டியே டவுனில் அத்தை வீட்டில் போய் இரு என்றால், அங்கே நாற்காலியெல்லாம் பூனைகள், உட்கார வேண்டுமானால் ஒரு பூனை எழுந்து இடம் தர வேண்டும் என்று மறுத்துவிட்டாள். வானொலியில் ஆற்றின் மட்டம் தினமும் ஏறியது. அல்சீட் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தன் பிக்கப் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அது பெட்டைக்கோழி மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"இதத் தூக்கிக் கட்டணும்" என்றார்.

மனைவி எர்லீனின் தம்பி க்லோவிஸ் வண்டிகளை உயர்த்திக் கட்டுகிற பட்டறை வைத்திருந்தான். அவன் உயர்த்திய வண்டிகளில் ஏறினவர்களுக்குக் காது அடைக்கும் என்று ஊரில் பேச்சு. அல்சீட் போனபோது எர்லீனும் கூடவே ஏறிக்கொண்டாள். புருஷனையும் தம்பியையும் தனியாக ஒரு பட்டறையில் விட்டுவைக்கக் கூடாது என்பது அவளுடைய நீண்டகால முடிவு.

"மூணு வழி இருக்கு மச்சான்" என்றான் க்லோவிஸ். "ஸ்பிரிங் தலையில ஒரு இரும்பு வளையம் வைக்கலாம். ரெண்டு அங்குலம் ஏறும், ஆனா ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லு ஆடும். இல்லன்னா சக்கரம் மாட்டுற ஸ்பிண்டிலையே மாத்திடலாம். மூணு அங்குலம், ஓட்டம் பழையபடியே இருக்கும், பழைய டயரே போதும். ஆனா சாமான் ஹூஸ்டன்லருந்து வரணும், ஒரு வாரம் ஆகும்."

"மூணாவது?"

க்லோவிஸ் கல்யாணப் பெண்ணைக் காட்டுவது போல ஒரு தார்ப்பாயை விலக்கினான். கறுப்பு வண்ணம் பூசிய தாங்கிகளும், பின்னால் வைக்கிற இரும்புக் கட்டைகளும், கன்றுக்குட்டி உயரத்துக்கு நாலு டயர்களும் அடுக்கியிருந்தன. "ஆறு அங்குலம். இன்னிக்கே மாட்டிடலாம். இது மேல உக்காந்தீங்கன்னா மழை வர்றது ஊருக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியும்."

"அந்தத் தண்ணி முட்டிக்கால் வரைக்கும்தான்டா வரும்" என்றாள் எர்லீன். "மூணு அங்குலம் தாராளம். ஏங்க, ஒரு வாரம் பொறுங்க. இந்த டயரப் பாருங்க, பலூன் மாதிரி இருக்கு. நம்ம பழைய டயர் ஒல்லியா ரோட்டக் கடிச்சுக்கிட்டு நிக்கும்."

அவள் சொன்னது நியாயம் என்று அல்சீட்டுக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு வாரம் என்ற சொல் காதில் விழுந்ததுமே வயிற்றுக்குள் அந்தத் தபால்காரரின் கார் மெல்ல நகர ஆரம்பித்தது. பயந்தவனுக்கு உயரம் எவ்வளவு இருந்தாலும் போதாது. க்லோவிஸ் பன்னிரண்டு அங்குலம் வைத்திருந்தால் அவர் அதைத்தான் கேட்டிருப்பார்.

"ஆறு" என்றார்.

"ஆறாம்!" என்றாள் எர்லீன். "தேவாலயத்து மணிய அடிக்கப் போறாரு."

சாயங்காலம் வண்டி வீட்டு வாசலில் நின்றபோது நோயெலி அண்ணாந்து பார்த்தாள். "இதுல நான் எப்படிப்பா ஏறுவேன்? கிரேன் வருமா?"

ஐஸ்பெட்டி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, அப்பா கையைப் பிடிக்க, அம்மா முதுகைத் தள்ள, ஒத்திகை பார்த்தார்கள். ஏறினாள். ஆனால் அணையோரம் ஒரு சுற்றுப் போய்வந்ததில் அல்சீட்டுக்குப் புதிதாக ஒரு பயம் சேர்ந்துகொண்டது. வளைவில் வண்டி குடித்தவன் போலத் தோள் சாய்த்தது. பின்பக்கம் துள்ளியது.

நாலாம் நாள் காலை காப்பி ஆறுவதற்குள் நோயெலிக்கு வலி எடுத்துவிட்டது. டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே. ரோடு முந்தின நாள்தான் முழுகியிருந்தது. படகுக்குப் போதாத தண்ணீர், காருக்கு மிஞ்சின தண்ணீர். ஆம்புலன்ஸ்காரர்கள் போனில், அந்தக் கரைக்கு வந்து நிற்கிறோம், அதற்கு மேல் வர மாட்டோம் என்றார்கள்.

தண்ணீரின் விளிம்பில் மெலான்சோன் குடும்பம் ஏற்கெனவே கூடியிருந்தது. ரோடு முழுகினால் மடக்கு நாற்காலியும் பீரும் சுடச்சுட பூடான் தொத்திறைச்சியும் எடுத்துக்கொண்டு போய் வேடிக்கை பார்ப்பது அங்கே திருவிழா மாதிரி. யார் எஞ்சின் முதலில் அணையும் என்று பந்தயமும் உண்டு. அந்தக் குடும்பத்தில் ஒருவர் உட்கார்ந்தால் நாற்காலி பெருமூச்சு விடும். நடுவே டெலஸ்ஃபோர் மாமா. அவருக்கென்று தனியாக வெல்டிங் வைத்த நாற்காலி.

"டேய் அல்சீட்! கோபுரத்த ஓட்டிக்கிட்டு எங்கடா போற?"

"நோயெலிக்கு வலி வந்துடுச்சு மாமா!"

சிரிப்பு நின்றது. எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள்.

அல்சீட் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினார். நடுவில் நோயெலி, ஓரத்தில் எர்லீன். தண்ணீர் ரோட்டைக் குறுக்கே வெட்டி, இடமிருந்து வலமாக, அவசரமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அவசரமின்மைதான் அவரை நடுங்கவைத்தது. உயரம் வேலை செய்தது. தண்ணீர் கதவின் அடியைக்கூடத் தொடவில்லை. கொஞ்சம் தைரியம் வந்த அந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஏதோ மிருதுவாக நழுவியது.

வண்டியின் வால் வலப்பக்கம் போனது. சத்தமே இல்லை. பின்சக்கரங்கள் சுற்றின. ஆனால் எதையும் பிடிக்கவில்லை. தபால்காரரின் கார் நகர்ந்ததும் இதே மாதிரிதான்.

"பின்னாடி எடுங்க!" என்று எர்லீன் கத்தினாள்.

எப்படி ரிவர்ஸ் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கரைக்கு வந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஆற்று மட்டம் இன்னும் ஒரு அங்குலம் ஏறியிருக்கும்.

டெலஸ்ஃபோர் மாமா வண்டியைச் சுற்றி நடந்தார். பின் டயரை எட்டி உதைத்தார். "எஞ்சின் முன்னாடி. இழுக்கிற சக்கரம் பின்னாடி. பின்னாடி என்ன பாரம் வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம நாலு மிதவைய மாட்டிக்கிட்டு ஆத்துல இறங்கினியா? வாத்துகூட உன்னப் பாத்து வழி கேட்டிருக்கும்டா."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் எர்லீன்.

"அம்மா, அப்புறம் சொல்லும்மா!" நோயெலி பல்லைக் கடித்தாள். அவள் நகங்கள் அல்சீட்டின் தொடையில் பதிந்தன.

மணல் மூட்டை தேட நேரமில்லை. மாமா திரும்பித் தன் குடும்பத்தைப் பார்த்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவரின் பார்வை அது. "ஒல்லியா இருக்கறவன் எல்லாம் ஒதுங்கு. மத்தவங்க ஏறு!"

யாரும் ஒதுங்கவில்லை. ஒதுங்க ஆளே இல்லை. க்லோவிஸ், மற்ற மச்சான்மார், சித்தப்பாமார், சின்னம்மா இருவர் என்று பின்தொட்டி நிரம்பியது. ஒவ்வொருவர் ஏறும்போதும் வண்டி கொஞ்சம் இறங்கியது. க்லோவிஸ் ஏற்றி வைத்த உயரத்தை ஒரு நிமிஷத்தில் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். கடைசியாக மாமா ஏறினார். ஸ்பிரிங்குகள் மன்னிப்புக் கேட்டன.

மறுபடியும் தண்ணீர். இந்தத் தடவை டயர்கள் ரோட்டை அழுத்திப் பிடித்தன. ஆனால் நடு வழியில் ஓட்டம் வேகமாக இருந்தது. வால் மீண்டும் ஒரு சாண் நகர்ந்தது. அல்சீட்டின் கண் முன்னால் வெள்ளைக் கோடும் இல்லை, ரோடும் இல்லை. வலப்பக்கம் பழுப்புநிறக் கால்வாய் மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் இடப்பக்கம்!" பின்னால் மாமாவின் குரல். "இடப்பக்கம்டா! சின்னம்மா, பூடான கீழ வையுங்க, கம்பியப் புடிங்க!"

ஒரு மலை இடம் மாறியது போலிருந்தது. வண்டி குலுங்கி, நழுவுவதை விட்டது. நின்றது. அல்சீட்டுக்குக் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அப்போது நோயெலி அவர் காதில் கத்தினாள்: "அப்பா, மிதிங்க!" மிதித்தார். சக்கரம் கடித்தது. ஒரு முழம், இன்னொரு முழம். எஞ்சின் இருமியது, அணையவில்லை. முன்சக்கரம் காய்ந்த தாரில் ஏறிய சத்தம் அவருக்குப் பாதிரியாரின் ஆசீர்வாதம் போலக் கேட்டது.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடிவந்து நோயெலியை இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை, இங்கேயே என்றார்கள். எர்லீன் கூடவே உள்ளே போனாள். கதவு மூடியது.

அல்சீட் அசையவில்லை. கை ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்தது. மாமாவும் க்லோவிஸும் இரண்டு பக்கமும் ஏறி, ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்கள்.

"விடுங்க மச்சான், தாண்டிட்டோம்."

"தாண்டிட்டோமா?"

"தாண்டிட்டோம். இந்தச் சுண்டுவிரல விடுங்க."

சுண்டுவிரல் விடுபட்ட நேரத்தில் ஆம்புலன்ஸ் கதவு திறந்தது. உள்ளிருந்து ஒரு மெல்லிய, கோபமான அழுகை வந்தது. எர்லீன் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"பொண்ணு பொறந்திருக்கா. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

பின்தொட்டியில் எழுந்த கூச்சலில் நாரைகள் பறந்தன. அல்சீட் அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் கேட்டார். எவ்வளவு சின்னக் குரல். அப்புறம் கண்ணாடியில், பின்னால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். அந்தச் சின்னக் குரலை வீட்டுக்குக் கொண்டுபோகவும் அதே ரோடுதான். அவருடைய பத்து விரல்களும், யாரும் சொல்லாமலே, மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டன.