நோட்டில் முப்பது

1

இந்தக் கதை ஒரு பொய்யில் முளைத்தது. பொய் சொன்னது கோரல். அது பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த ஆள் ஒருவன் உண்டு. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு தடவையும் ரிமோட் காரைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: "ஆஸ்திரேலியாவில், மில்டுராவின் ஜனவரி வெயிலில் செம்மண் களம் தகதகவென்று..." [அடித்தாயிற்று. வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.]

இரண்டாவது தொடக்கம்: "முழங்கை நீளக் காருக்கு நான்கு ஷாக் அப்சார்பர்கள். ஒவ்வொன்றும் விரல் தடிமன். உள்ளே சிலிக்கான் எண்ணெய். புட்டியில் முப்பது என்று போட்டிருந்தால் எண்ணெய் இளகல். கார் துடியாக இருக்கும், கை அசைந்த கணத்தில் திரும்பும். அறுபது என்றால் கெட்டி. கார் மந்தமாகும், ஓட்டுகிறவனின் சின்னச் சின்னத் தப்புகளைக் கண்டுகொள்ளாது."

[பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனால் இது இல்லாமல் மேலே போக முடியாது.]

2

கோரலும் லைலும் அக்கா தம்பி. அக்கா திராட்சை உலர்த்தும் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். தம்பி லாரி ஓட்டியவன். இரண்டு பேருக்கும் அறுபதை ஒட்டிய வயது, இரண்டு பேருக்கும் கல்யாணம் சரிப்பட்டு வரவில்லை. சனிக்கிழமை ஆனால் ரிமோட் கார் பந்தயக் களத்துக்கு வந்துவிடுவார்கள். அவன் ஓட்டுவான், அவள் எண்ணெய் ஊற்றுவாள். ஊற்றியதை ஒரு நீல நோட்டில் எழுதி வைப்பாள்.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் எனக்கு இன்னமும் ஏக்கமாக இருக்கிறது. ரொட்டியில் மடித்த சாசேஜ், வெங்காயம் கருகும் வாசனை, வெயிலுக்கு மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிய பெரிய மனிதர்கள், பல்லில் நறநறக்கும் புழுதி. எங்கள் களத்தில் யாரும் மோசமாக ஓட்டியதே கிடையாது. கார் கவிழ்ந்தால் ஷாக் சரியில்லை என்று அர்த்தம். சங்கத் தலைவரே மூன்று முறை வேலியில் மோதிவிட்டு வந்து, "ஷாக்கு" என்று ஒரே வார்த்தை சொல்வார். எல்லோரும் தலையாட்டுவோம்.

அதனால்தான் லைலின் கை நடுங்க ஆரம்பித்தது யாருக்கும் தெரியவில்லை.

"முன்னாடி ரொம்பத் துள்ளுது, கோரல். நேரா விட்டா நெளியுது."

"சரிடா, பாக்கறேன்."

"ஸ்பிரிங்ல கை வெக்காத. ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு."

"நீ போயி டீயக் குடி. உன் வாய மூடறதுக்கு ஏதாவது எண்ணெய் இருந்தா அதையும் ஊத்தறேன்."

டீயை அவள் அரைக் கோப்பைதான் ஊற்றித் தருவாள். அவனும் ஏன் என்று கேட்டதில்லை. கோப்பை பிடித்தால் நடுங்கும் கை, ரிமோட்டைப் பிடித்தால் நின்றுவிடுகிறது என்று அவன் நம்பினான்.

3

அன்றைக்கு அவள் நாற்பது ஊற்றினாள். நோட்டில் வழக்கம்போல முப்பது என்று எழுதினாள். அடுத்த வருடம் ஐம்பது, அதற்கடுத்த வருடம் அறுபது. நோட்டில் மட்டும் முப்பது, முப்பது, முப்பது.

கோளாறு தன் கையில் என்று தெரிந்தால் அன்றைக்கே ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவான். கீழே வைத்தால் அப்புறம் அவனுக்கு என்ன இருக்கிறது? [இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?]

லைல் தொடர்ந்து ஜெயித்தான். முன்னளவு வேகமில்லை. ஆனாலும் கவிழாமல் வந்து சேர்ந்தான்.

பக்கத்து மேசையில் மெர்வ் என்று ஒருவர். ஆறு வருடமாக லைலுக்குப் பின்னால் இரண்டாவதாக வருகிறவர். கோரல் எந்தப் புட்டியை எடுக்கிறாள், எதை எழுதுகிறாள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும்.

[மெர்வ் இங்கே எதற்கு என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எடுத்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.]

4

அறுபது ஊற்றிய அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். லைலின் காரில் முன்பக்க இடது ஷாக் ஒழுகிவிட்டது. இறுதிச் சுற்றுக்கு இருபது நிமிடம். எங்கள் வழக்கப்படி, ஓடி முடித்தவன் அடுத்த சுற்றில் கவிழும் கார்களை நிமிர்த்தக் களத்தில் நிற்க வேண்டும். லைலுக்குப் பதிலாக எப்போதும் கோரல்தான் நிற்பாள். அன்றும் தூரத்து வளைவில் நின்றாள்.

லைல் தானே ஷாக்கைக் கழற்றினான். நோட்டைப் பார்த்தான், முப்பது. அக்காவின் பெட்டியில் முப்பது என்று போட்ட புட்டி காலி.

"மெர்வ், முப்பது இருக்கா?"

"இருக்கு. எதுக்கு, தலைக்குத் தேய்க்கவா?"

"முடி இல்லாதவன் பேசற பேச்சா இது? குடுய்யா."

மெர்வ் கொடுத்தார். மற்ற மூன்றிலும் அறுபது என்று தெரிந்தே கொடுத்தார்.

லைல் எண்ணெய் நிரப்பி, காற்றுக் குமிழ் போக்கி, மூடி, மாட்டினான். அதற்கே பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு எல்லோரும் செய்கிற சோதனை: காரை ஒரு சாண் உயரத்திலிருந்து மேசைமேல் போட்டான். மூன்று மூலையும் நிதானமாக இறங்கின. இடது முன்மூலை மட்டும் தொப்பென்று உட்கார்ந்தது. மறுபடி போட்டான். பிறகு தன் வலது கையை, முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

5

மெர்வ் என்று யாரும் அந்தக் களத்தில் இருந்ததில்லை. அந்த மேசை என்னுடையது.

[இதை எழுத எட்டு வரைவு ஆயிற்று.]

அவன் கேட்டபோது, "அறுபது ஊத்து" என்று சொல்லியிருந்தால் கோரலைக் காட்டிக் கொடுத்ததாகியிருக்கும். அதனால்தான் பேசவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அவ்வளவு நன்றாக இல்லை. ஒரு மூலை கோணிய காரை அவனால் ஓட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். நான் ஜெயிக்க ஆசைப்பட்டேன். ஜெயிக்கவும் செய்தேன். கோப்பை வீட்டில் எங்கேயோ கிடக்கிறது.

6

லைல் காரைத் தூக்கிக்கொண்டு களத்தின் குறுக்கே நடந்தான். நானும் பின்னாலேயே போனேன்.

"கோரல், மத்த மூணுலயும் என்ன ஊத்தியிருக்க?"

அவள் காரைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள்.

ஒரு முடிவில் அவள் "முப்பது" என்கிறாள். பொய் என்று தெரிந்தும் லைல் ஏற்றுக்கொண்டு, ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் ஏறுகிறான். இன்னொன்றில் "அறுபது" என்கிறாள், அவன் ரிமோட்டை அவள் கையில் வைத்துவிட்டு, "எப்பலேருந்து?" என்று கேட்கிறான். [நன்றாக அழ வைக்கும் முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை.]

நான் அதிகம் எழுதிப் பார்த்தது மூன்றாவது. அதில் நான் பேசுகிறேன். "லைல், தப்பு என் புட்டில. வெயில்ல கெடந்து எண்ணெய் தண்ணியாப் போச்சு. அத வடிச்சுட்டு அக்காவ ஊத்தச் சொல்லு." அவ்வளவுதான். இந்தப் பொய்க்கு மூச்சுவிடும் நேரம் போதும். அவன் உடனே நம்பியிருப்பான், ஏனென்றால் நம்ப ஆசைப்பட்டான். அக்காவும் தம்பியும் இன்னும் இரண்டு வருடமாவது சனிக்கிழமைகளில் வந்திருப்பார்கள்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். அந்தப் பதில் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அவள் வாயைத் திறக்காமல் நின்றாள். அந்த இடைவெளியில்தான் கதையை நிறுத்தியிருக்கிறேன். அன்று நான் சொல்லாத அந்தப் பொய்யை நீங்களாவது சொல்லிவிடுங்கள். அவள் இன்னும் பேசவில்லை.