நீண்டுபோன சுரம்

வயலின்காரர் எத்தனையோ எழுதினார், எத்தனையோ மேடைகளைக் கலக்கினார். ஆனால் ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்தது அவர் எழுதிய ஒரு சின்ன இசை உருப்படிதான். அதன் நடுவில் வயலினில் ஒரு சுரம் நீண்டுகொண்டே போகும். பியானோ பேசாமல் காத்திருக்கும். விமர்சகர்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். மனிதகுலத்தின் துயரம் என்றார் ஒருவர்.

துயரமாவது மண்ணாவது. ஒலிப்பதிவின்போது பக்கத்து அறையில் கைக்குழந்தை வீரிட்டது. பியானோவில் இருந்த மனைவி காதை அங்கே கொடுத்துவிட்டு, சேர வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டாள். அவள் வரும்வரை இவர் வில்லை இழுத்துச் சமாளித்தார். அவ்வளவுதான் சங்கதி. அதன்பிறகு மேடைக்கு மேடை அவள் வேண்டுமென்றே தாமதித்தாள். வில் நுனிக்கு வந்து இவர் முழி பிதுங்கும்போதுதான் விரலை வைப்பாள். அப்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும்.

அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்களாயிற்று. இது இவருடைய கடைசிக் கச்சேரி. அன்று வீரிட்ட அந்தக் குழந்தைதான் இன்று பியானோவில்.

"நான் தலையாட்டுற வரைக்கும் நீ சேரக் கூடாது," என்றார் ஒத்திகையில்.

"உங்க தோள் தாங்காதுப்பா. டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டரா வந்து வாசிக்கப் போறார்?"

மகள் நோட்டில் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டாள். அந்தக் காத்திருப்பை இன்னும் ஒரே ஒரு தடவை அனுபவித்துவிட வேண்டும் என்று அவருக்கு அப்படி ஒரு ஏக்கம்.

கச்சேரியில் அந்த இடம் வந்தது. வில்லை எறும்பு ஊர்வதுபோல நகர்த்தினார். பாதியில் தோள் கடுத்தது. அப்புறம் சுரம் கரகரத்தது. தலையாட்டுவாரா மனிதர்? ஆட்டவில்லை. சுரம் அறுந்துபோக இருந்த நேரத்தில் பியானோ வந்து சேர்ந்துகொண்டது.

கைதட்டல் ஓய்ந்து, மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் தலையாட்டலையே."

"உங்களால முடியலப்பா. அம்மாவா இருந்தாலும் வந்திருப்பாங்க."

"அவளா? இன்னும் உக்காந்து சிரிச்சிட்டு இருப்பா," என்று அவரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை நாளும் வீட்டில் தனியாக வாசிக்கும்போதெல்லாம், அந்த இடத்தில் அவள் கொஞ்சம் தாமதிக்கிறாள் என்றே நினைத்து வந்திருந்தார். அந்த இடத்தில் மகள் வந்து சேர்ந்துவிட்ட பிறகுதான், அவள் இனி வரவே மாட்டாள் என்பது உறைத்தது. மகளின் தோளில் முகம் புதைத்து அழுதார்.

மகள் அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.